வராத வலது கை

சோதனை அறையிலிருந்து வெளியே வந்த ஹொரேஸ் காட்ஸ்டன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தார். மெட்டு, சபையில் ஞாயிறுதோறும் பாடுகிற மெட்டுதான். வார்த்தைகள் மட்டும் வேறே. "டி, இ, எஃப், பி, ஓ..." பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த லெமுவேல் டார்வர் ஒவ்வொரு எழுத்தாக மனசுக்குள் வாங்கிக்கொண்டார்.

உள்ளே மருத்துவர் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, சுவரில் இருக்கிற எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்வார். லெமுவேலுக்கு இடது கண்ணில் நிழல் மட்டுந்தான் தெரியும். அது ஹொரேஸைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, பெண்சாதி கோராவுக்குக்கூட. மறுநாள் மேடையில் லெமுவேலை எதிர்த்துச் சண்டை போடப்போகிறவர் அதே ஹொரேஸ். எதிராளிக்குப் பாஸாக வழிசொன்ன குத்துச்சண்டைக்காரர் வடக்கு பிலடெல்பியாவில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்கு முந்தின வாரம் லெமுவேல் அவரிடம் கெஞ்சியிருந்தார். "வரிசையா தோத்துட்டேன்டா. கடைசியா ஒண்ணு ஜெயிச்சிட்டுப் போயிடுறேன். அதுக்கப்புறம் கையுறைய ஆணியில மாட்டிடுறேன். ஆண்டவர் மேல ஆணை."

"ஆண்டவர ஏன்டா இழுக்குற, என்கிட்ட சொன்னா போதாதா?" என்றார் ஹொரேஸ்.

அவர் அப்படிப்பட்ட மனுஷர். விடியுமுன்னே கறிக் கிடங்கில் முழு மாட்டுத்தொடையைத் தோளில் சுமப்பார். சாயங்காலம் டயர்கடை மாடியில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் வெள்ளைக் கையுறை மாட்டி, ஒரு கையைப் பின்னால் மடக்கி வைத்து, மறு கையால் கிழவிகளை இடம்பார்த்து உட்காரவைப்பார். அவருடைய வலது கை ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களைப் படுக்கப்போட்ட கை. அதே கைதான் ஆராதனையில் மயங்கி விழுகிற பெண்களைத் தலை தரையில் படாமல் தாங்கும்.

ரெண்டு பேரும் இளவயசில் ஒரே மணல்மூட்டையைக் குத்திப் பழகினவர்கள். பேர் வாங்கின காலம் ஒன்று இருந்தது. இப்போது அவர்கள் படம் முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் மட்டும் ஒட்டியிருந்தது. கடைக்காரர் கத்தரியை ஆட்டிச் சிரித்தார். "ரெண்டு பேர் வயசையும் கூட்டினா எங்க பாட்டன் வயசு வருது. நடுவருக்குப் பதிலா ஆம்புலன்ஸ்காரன நிறுத்துங்கப்பா!"

சண்டையன்று லெமுவேல் இடப்பக்கத்து இருட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். ஹொரேஸின் வலது கை அங்கிருந்துதான் வரவேண்டும். தாடையைத் தோளில் புதைத்துக் காத்திருந்தார். இடது கை வந்தது, மறுபடியும் இடது கையே வந்தது. மூக்கில் சுளீரென்று விழுந்தது. வலது மட்டும் வரவேயில்லை.

ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. "டேய், கல்யாண வீட்டுல போய் ஆடுங்கடா!" என்று ஒருத்தன் கத்தினான். காகிதக் கோப்பைகள் மேடையில் வந்து விழுந்தன.

மூச்சு வாங்க ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபோது லெமுவேல், ஹொரேஸின் காதில் உறுமினார். "என்னடா, சபையில நிக்கிற மாதிரி ஒரு கைய மடக்கி வச்சிருக்க? வலதுல அடிடா!"

"தோள்பட்டை புடிச்சிக்கிச்சுடா. பேசாம உன் வேலையப் பாரு."

கடைசி மணி அடித்தது. நடுவர் லெமுவேலின் கையைத் தூக்கினார். லெமுவேல் அழுதார். கயிற்றோரம் நின்ற கோராவும் அழுதாள்.

ஹொரேஸின் பயிற்சியாளர் வாளியை உதைத்துவிட்டுப் போய்விட்டார். கையில் சுற்றிய துணிக்கட்டை வெட்டிவிடக்கூட ஆளில்லாமல் ஹொரேஸ் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோரா போய்க் கத்தரியால் வெட்டிவிட்டாள்.

காரில் வரும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "ஹொரேஸ் அண்ணனுக்கு இடது கை பன்னு மாதிரி வீங்கியிருக்கு. வலது கையில ஒரு கீறல்கூட இல்லீங்க."

"வாய மூடு" என்றார் லெமுவேல். அந்த ஒரு ராத்திரியாவது அது தன் ஜெயமாக இருக்கவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

ஒரு ராத்திரியோடு நின்றிருந்தால் சரி. ஜெயித்தவனைத் தேடித்தானே சண்டை ஏற்பாடு செய்கிறவர்கள் வருவார்கள்? கடற்கரை ஊரில் ஒரு வாலிபனோடு சண்டை என்று வந்து கேட்டார்கள். லெமுவேல் சரியென்று சொல்லிவிட்டார்.

சேதி கேட்டு ஹொரேஸ் கிடங்கு உடுப்போடேயே ஓடிவந்தார். கோரா பொரித்த மீனைத் தட்டில் வைத்தாள். அவர் தொடவில்லை.

"ஜெயிச்சா விட்டுடுறேன்னு சொன்னியேடா, லெம்."

"அப்போ எனக்கு இன்னும் பலம் இருக்குன்னு தெரியல. உன்னையே ஜெயிச்சவன்டா நான்! அந்தப் பொடியன் எம்மாத்திரம்?"

ஹொரேஸ் வாயைத் திறந்தார். கோரா அடுப்பைவிட்டுத் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். லெமுவேல் சிரித்த முகமாய் இருந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஹொரேஸ் வாயை மூடிக்கொண்டார். "மீன் நல்லா இருக்கு தங்கச்சி" என்றார், தொடாத தட்டைப் பார்த்து.

அங்கேயும் சோதனை அறையில் அதே எழுத்து அட்டைதான் தொங்கியது. லெமுவேலுக்குப் பாட்டு மறக்கவும் இல்லை. வாலிபனின் குத்து நல்ல கண்ணில் விழுந்தது. மருத்துவர்கள் ரெண்டுதரம் கத்தி வைத்தும் வெளிச்சம் திரும்பவில்லை.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் ஹொரேஸ் வந்து நிற்பார். லெமுவேலின் கையைத் தன் தோளில் வைத்துச் சபைக்கு நடத்திக்கொண்டு போவார். எப்போதும் லெமுவேலின் இடப்பக்கமே நடப்பார். "பிரசங்கியார் இன்னிக்குப் பச்சை டை கட்டியிருக்கார்டா. கீரைக்கட்டு ஒண்ணு எந்திரிச்சி வந்து ஜெபம் பண்ற மாதிரி இருக்கு" என்று காதில் சொல்வார். லெமுவேல் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமுவார். முன்வரிசைக் கிழவி விசிறியால் ரெண்டு பேரையும் ஒரு போடு போடுவாள். இப்படியே அவர்களுக்குத் தலை நரைத்தது. அந்தச் சண்டையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசினதில்லை.

பிறகு ஹொரேஸுக்கு நுரையீரலில் வியாதி வந்தது. கோரா லெமுவேலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு வெளியே போனாள். லெமுவேல் தடவிப் பார்த்து அந்த வலது கையைப் பிடித்தார். மாடு சுமந்த கை, இப்போது எலும்பும் தோலுமாக இருந்தது.

"ஹொரேஸ், ஒண்ணு கேக்கணும். கோவப்படாத."

"கோவப்பட மூச்சு வேணாமாடா? கேளு."

"அன்னிக்குத் தோள்பட்டை நெசமாவே புடிச்சிருந்துச்சா?"

லெமுவேல் கையை விடவில்லை. எந்தப் பதில் வந்தால் தேவலை என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார் ஹொரேஸ். "நான் அடிச்சிருக்கணும். அடிச்சு விழவச்சிருந்தா நீ அன்னிக்கே விட்டிருப்ப. இப்போ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப."

லெமுவேலுக்குக் கண்ணில் பார்வை இல்லாவிட்டாலும் தண்ணீர் இருந்தது. அந்தக் கையைத் தன் தாடையில், இடப்பக்கம், அன்றைக்கு அது வந்து விழுந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். ஹொரேஸின் விரல்கள் மெல்ல அசைந்து அந்தக் கன்னத்தைத் துடைத்தன.

நேரமாகிவிட்டது என்று தாதி வந்து சொன்னாள். லெமுவேல் எழுந்தார். கதவுப் பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து ஹொரேஸின் குரல் வந்தது. காற்று மாதிரிதான் வந்தது, ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"லெம், இடப்பக்கம் நாற்காலி கெடக்கு. இடிச்சுக்காதடா."