கத்தாழை மீனின் காதுக்கல்

நான் ஆராய்ச்சி செய்தது கல்லாகிப்போன மீன்களை. கொல்லத்துப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்கு மூட்டை மூட்டையாக மண் வந்திருந்தது. கழுவிச் சலித்தால் அரிசி அளவில் காதுக்கற்கள் கிடைக்கும். எலும்புள்ள மீன்களுக்கு மண்டைக்குள் அந்தக் கல் உண்டு. உடம்பு மக்கினாலும் கோடி ஆண்டு கடந்து அது தங்கிவிடும். எந்த மீன் என்று சொல்ல, இன்று வாழும் மீனின் கல்லோடு ஒப்பிட வேண்டும்.

இன்றைய மீன்களின் கற்கள் துறையில் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் கிடைத்தன. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள். மிஞ்சிய தலைகளை நான் சமையலறையில் பிளந்து, கல்லை இடுக்கியால் எடுத்து, மாத்திரை டப்பிகளில் சேர்ப்பேன்.

"மீன் தல நோண்டறதுக்கா ரெண்டு பஸ் மாறிப் போற? இத்த இங்கியே செய்யலாமே," என்பாள் அம்மா. ஆனாலும் நல்ல கத்தாழை வந்தால் தலையை எனக்கென்று எடுத்து வைத்துவிடுவாள்.

கெளுத்தி வகை என்று துறையில் சீட்டு ஒட்டியிருந்த ஒரு கல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்பக்கத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. அகன்ற தலை, வளைந்திறங்கும் வால், தலைப்பிரட்டை மாதிரி. கத்தாழைக் குடும்பத்தின் அடையாளம் அது. வீட்டுக் கற்களை எல்லாம் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேல் அளந்தேன். அந்த வால் வளைவு இன்றைய எந்த மீனோடும் ஒத்துப்போகவில்லை. அழிந்துபோன ஒரு கத்தாழை அது.

"பிரமாதம்மா," என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

வெளியூர் அறிஞர்கள் வந்திருந்த கருத்தரங்கில் அவரே மேடையேறினார். திரையில் என் படங்கள், என் அளவுகள். முகப்பில் அவர் பெயரும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் இன்னொரு மாணவனின் பெயரும். என் பெயர் கடைசியில், நன்றி என்பதன் கீழே, மீன் மாதிரிகள் தந்து உதவியவராக. யாரோ எழுந்து அதைக் கத்தாழை என்று கண்டுபிடித்ததைப் பாராட்ட, அவர் என்னைக் கைகாட்டினார்.

"இவங்க மீனவக் குடும்பம். பார்த்தாலே சொல்லிடுவாங்க. ரத்தத்துலயே இருக்கு."

கை தட்டினார்கள். ரத்தத்தில் எதுவும் வரவில்லை. படித்தேன், கண் எரிய எரிய அளந்தேன்.

அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"முன்னாடி என் பேர் இல்லையே சார்?"

"கடைசியில போட்டிருக்கேனேம்மா."

"அது மீன் கொடுத்தவங்க பேர் வர்ற இடம் சார்."

"நீயும் கொடுத்ததானே?" என்றவர், டப்பிகளைத் துறையில் ஒப்படைத்துவிடச் சொன்னார்.

ஒப்படைக்கவில்லை. பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதன் பிறகு என் அறிக்கைகளில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை. பட்டம் முடியாமலே வெளியே வந்தேன்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அந்தாளு ஒரு தலயாவது வெட்னானா?"

"இல்லம்மா."

"அப்பால இன்னாத்துக்கு அவன் பேரு?"

இப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் உறைமீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறேன். போன வருடம் பேராசிரியரின் கட்டுரை அச்சில் வந்தது. அந்த மீனுக்குத் தன் ஆசிரியரின் பெயரை வைத்திருக்கிறார். பள்ளத்தின் அளவில் ஓர் எண் தவறாக அச்சாகியிருக்கிறது. நான் எழுதிச் சொல்லவில்லை.