மழை பெய்தால் மட்டும்

ஈப்போவில் எங்கள் பழைய வீட்டின் சீலிங் பலகைகளை இன்று காலையில் கழற்றிவிட்டார்கள். வேலை எடுத்திருக்கும் குமார், "அக்கா, புதுப் பலகை நாளைக்குத்தான் வரும்லா, ஒரு நாள் சமாளிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைக்கு மேலே வெறும் தகரம். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தில் நான், சின்ன வயதில் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்கு, மனதால் போய்விட்டேன். அங்கே வீடுகளுக்கு நடுவே இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் அடுப்படியில் விழுந்த மாதிரி இருக்கும்.

"பாடுனா லயத்துக்கே கேக்கும்டி, வெக்கமா இருக்கு" என்பார் அம்மா. தகரத்தில் மழை இறங்கினால் மட்டும் பாடுவார். பக்கத்திலிருக்கும் எனக்கே கேட்காது. ரப்பர் பால் வாடை அடிக்கும் அவர் முதுகில் காதை ஒட்டிவைத்துக்கொள்வேன். பாட்டு எலும்பு வழியாகக் கதகதப்பாக வரும். மழை விட்டதும் பாதியிலேயே நின்றுவிடும்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பாடவேயில்லை. இங்கே சீலிங் இருந்தது. மழை எங்கோ தூரத்தில் பெய்தது.

இன்று சமையலறையை எட்டிப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் உதடுகள் அசைந்தன. பின்னால் போய் உட்கார்ந்து, மெலிந்துவிட்ட அந்த முதுகில் காதை வைத்தேன். அம்மா நிறுத்தவில்லை.

மழை விட்டதும் குமாருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, சமையக்கட்டுக்கு மட்டும் சீலிங் வேணாம்."

"வெயில்ல வேகும்க்கா!"

"வேகட்டும்லா."