கேசட்டைச் சுற்றாமல் கொடுங்கள்

வீடியோ கடைக்காரனுக்கு வாடகை ஒரு தடவைதான் வரும். அந்தப் படத்தைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் கேசட் திரும்பி வந்த பிறகும் ஒரு வாரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். நீங்களும் ஏதாவது ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியவர் என்றால், என் கழுத்து வலி உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளில் புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தேன். ஒரு பக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் குவார்ட்டர்ஸ், இன்னொரு பக்கம் மீனவர் குப்பம், நடுவில் நான். ஜோராக ஓடிக்கொண்டிருந்த கடைக்கு நேர் எதிரே ஒரு நாள் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இன்னொரு வீடியோ கடை முளைத்தது. முதலாளி பெயர் சேகர். பத்திரிகை விமர்சனங்களைப் படித்து ஒவ்வொரு கேசட் மேலும் நட்சத்திரம் ஒட்டி வைத்திருந்தான். என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். எதிர்க் கடையில் நின்ற கூட்டத்தையும் பார்த்தாள், என் கடையில் பறந்த ஈயையும் பார்த்தாள்.

"பொங்கல் வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள கூட்டம் திரும்பலன்னா ஷட்டரை எறக்கிட்டு, திருக்கழுக்குன்றத்துல எங்கண்ணன் அரிசி மண்டில போயி குந்து" என்றாள்.

அவள் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. தும்மினால்கூட யாரைக் கேட்டுத் தும்மினாய் என்பார். ஆகவே பொங்கலுக்குள் நான் ஜெயித்தே ஆகவேண்டும்.

கோபாலன் சாரின் சிக்கனம்

எல்லா வீடியோ கடையிலும் ஒரு சட்டம் உண்டு. படம் பார்த்து முடித்ததும் கேசட்டை முதலிலிருந்து பார்க்கத் தோதாகச் சுற்றிக் கொடுக்கவேண்டும். சுற்றாமல் கொடுத்தால் அபராதம். சேகர் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தான். நானோ, "சுற்றாமல் கொடுங்கள், நான் சுற்றிக்கொள்கிறேன்" என்று எழுதி மாட்டினேன். என்ன பெருந்தன்மை என்று ஊரே மெச்சியது. பெருந்தன்மையாவது ஒன்றாவது! சுற்றாத கேசட்டைப் படம் ஓட்டும் டெக்கில் போட்டால், அந்த வீட்டில் படத்தை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று அப்படியே தெரிந்துவிடும். வாய் ஆயிரம் சொல்லும், கேசட் ஒன்றே ஒன்றுதான் சொல்லும்.

குவார்ட்டர்ஸ் கோபாலன் சாருக்கு எல்லாப் படமும் 'பிரமாதம்'. ஒரு குடும்பப் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, பாத்திரப் படைப்பு என்ன, கேமரா என்ன என்று அரை மணி நேரம் புகழ்ந்தார். அவர் போனதும் டெக்கில் போட்டுப் பார்த்தேன். படத்தின் பெயர்கூட இன்னும் வரவில்லை. பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள், "சார், பிரமாதமான படத்தைப் பிள்ளையாரோடு நிறுத்திட்டீங்களே" என்றேன். மனிதர் அசரவில்லை.

"அவ்வளவு நல்ல படம்ப்பா. ஒரேயடியா பாத்தா தீந்து போயிடுமேன்னு நிறுத்தினேன்."

மீன் போகாத நாள்

குப்பத்துத் தேசப்பனுக்கு மார்க்கு, நட்சத்திரம் எல்லாம் கிடையாது. மீன்தான். நல்ல படம் என்றால் வஞ்சிரம், சுமார் என்றால் சங்கரா, மட்டம் என்றால் காரப்பொடி. அவன் வீட்டு டிவி முன்னால் குப்பமே உட்காரும் என்பதால், அவன் வஞ்சிரம் என்று சொல்லிவிட்டால் எனக்கு அந்த மாசம் கவலையில்லை. சேகரோ அவனிடம் நட்சத்திரம் காட்டி வியாபாரம் பேசியிருக்கிறான். "தெனம் ராத்திரி கடல்ல கோடி பாக்குறேன், நீ அஞ்சு காட்றியா?" என்று கேட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டான்.

நான் ஒரு பேய்ப் படத்தைக் கொடுத்தேன். வெள்ளைப் புடவைப் பேய் கிணற்றை விட்டு அலைமேல் நடந்து வருகிற படம். மறுநாள் விடியற்காலையில் ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்கவில்லை. இருட்டில் தண்ணீரில் கால் வைக்க ஒருத்தனுக்கும் துணிவில்லை. சதுரங்கப்பட்டினத்து மீன் மார்க்கெட்டில் அன்றைக்குப் பூனைகள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அவையும் பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தன. கேசட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தேசப்பன் சொன்னான்:

"படம் வஞ்சிரம்தான் அண்ணாத்த. ஆனா உன்னால இன்னிக்கி குப்பத்துல ஒரு நெத்திலி கூட இல்ல."

திருடனின் விமர்சனம்

கடைப் பூட்டை உடைத்து ஒருவன் டெக்கைத் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே ஒரு சோகப் படக் கேசட் இருந்தது. அந்தப் படத்தை நானே பார்த்ததில்லை. அட்டையில் இருந்த கதாநாயகி முகத்தைப் பார்த்தாலே கைக்குட்டையைத் தேடுவேன்.

ஆளைச் செங்கல்பட்டில் பிடித்துவிட்டார்கள். டெக்கை அடையாளம் காட்டப் போனேன். டெக்கும் கேசட்டும் பத்திரமாக இருந்தன. ஸ்டேஷன் டிவியில் போட்டுக் காட்டினார்கள், படம் இடைவேளையில் நின்றிருந்தது. கதாநாயகிக்கு இரண்டாவது வியாதி வருகிற இடம். பெஞ்சுக்குக் கீழே குந்தியிருந்த திருடன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. போலீஸ்காரர்கள் அடித்ததால்தான் என்று நினைத்தேன், அப்படியில்லையாம்.

"நீதான் அந்தக் கேசட்டு கடைக்காரனா? அந்தப் படத்தை எடுத்தவன் வெளில சுத்தினுகீறான், என்னைப் புடிச்சி உள்ள குந்த வெச்சிக்கீறாங்க. இன்னா நாயம் இது?"

இந்த விமர்சனத்தை அட்டையில் எழுதி ஒட்டினேன். திருடனையே அழ வைத்த படம் என்று பெண்கள் வரிசையில் நின்று எடுத்துப் போனார்கள். சேகரின் நட்சத்திரங்கள் இரண்டு வாரம் மங்கிக் கிடந்தன.

எட்டு மணிக்கு விழுந்த அடி

ஜெயித்த கதையையே சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு தோல்வியும் சொல்கிறேன். மார்கழியில் புதுசாக ஒரு படம் வந்தது. கடைக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு வீடாகப் போய்த் திரும்பியது. எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில், கதாநாயகன் லாரியிலிருந்து குதிக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதற்குமேல் தாங்கவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, "இந்தப் படமா? வேணாம், குப்பை" என்று கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். எதிர்க் கடையில் அதே படத்துக்குச் சேகர் நாலு நட்சத்திரம் ஒட்டினான். பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். என் பேச்சைக் கேட்டு அதைப் பார்க்காமல் விட்டவர்கள் என்னை முறைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி அவன் கடைக்குப் போனார்கள்.

பின் தெரு முனுசாமியைக் கூப்பிட்டு, "லாரி சீன்ல ஏம்பா நிறுத்தினே?" என்று கேட்டேன். ஊருக்கெல்லாம் கரண்ட் தயாராகிற இடத்துக்கு அடுத்த தெரு அது. தினமும் ஏழு மணிக்குப் படம் போடுவார்களாம், எட்டு மணிக்கு அங்கே கரண்ட் போய்விடுமாம்.

"நாங்க எங்க அண்ணாத்த நிறுத்தினோம்? அவன் லாரிலேந்து குதிச்சான், கரண்டு பூடுச்சி. கீழ வுழுந்தானா இல்லியான்னு இன்னி வரிக்கும் தெரில."

சரோஜா டீச்சரின் பாஸ் மார்க்

பொங்கல் நெருங்கிவிட்டது. மச்சான் சீர்வரிசையோடு வந்து இறங்கி, என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார். இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது குவார்ட்டர்ஸ் சரோஜா டீச்சர்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். பார்க்கிற படத்துக்கெல்லாம் நூற்றுக்கு மார்க் போடுவார். சாயந்திரம் காய்கறி வண்டியைச் சுற்றி நிற்கும் பெண்களிடம் அதை அறிவிப்பார். இதுவரை ஒரு படத்துக்கும் முப்பத்துநாலுக்கு மேல் போட்டதில்லை. அதாவது எல்லாப் படமும் பெயில். பெயிலான படங்களில் எது பரவாயில்லை என்று பார்த்துத்தான் மொத்த குவார்ட்டர்ஸும் கேசட் எடுக்கும். "பொங்கலுக்கு டீச்சர் வாயால பாஸ்னு சொல்ல வைக்கிறேன்" என்று சேகர் சவால் விட்டுவிட்டான். டீச்சரும் நியாயமாக, பொங்கல் லீவுக்கு ஆளுக்கொரு கேசட் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். சேகர் ஏதோ வெளிநாட்டுப் பரிசு வாங்கிய படத்தைக் கொடுத்தான்.

எனக்குச் சிக்கல் என்னவென்றால், டீச்சர் ஒழுங்கானவர். சுற்றாமல் கொடுங்கள் என்று நான் கெஞ்சினாலும் சுற்றித்தான் கொடுப்பார். எங்கே நிறுத்தினார், எதை ரசித்தார் என்று ஒன்றும் தெரியாது. அவர் கடைசியாகப் பார்த்துத் திருப்பிய கேசட்டை டெக்கில் போட்டு, முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். புத்தம் புதுக் கேசட், டீச்சர் வீட்டுக்கு மட்டுமே போய் வந்தது. படம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக விழுந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தை ஓட்டினால்தான் டேப் அப்படித் தேயும். அது எந்த இடம் என்கிறீர்கள்? மாமனார் வழுக்கி, இட்லி மாவு அண்டாவில் தலைகுப்புற விழுகிற இடம்! அந்தப் படத்துக்குக் காய்கறி வண்டியண்டை டீச்சர் போட்ட மார்க் பன்னிரண்டு.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடை மூலையிலிருந்து ஒரு கேசட்டைத் தேடி எடுத்தேன். அதில் கதை என்று ஒன்று கிடையாது. ஆரம்பம் முதல் கடைசிவரை யாராவது எதிலாவது விழுந்துகொண்டே இருப்பார்கள். கிணறு, சாணிக் குழி, கல்யாணப் பந்தல், பாயசம். ஓர் எருமைகூட மாடியிலிருந்து விழும். அதைக் கொடுத்தனுப்பினேன். அட்டையைப் பார்த்த மச்சான், "பொங்கல் முடிஞ்சி மண்டிக்கு வரும்போது வேட்டி கட்டிக்கினு வா. பேண்ட் போட்டா மூட்டை மேல உக்கார முடியாது" என்றார்.

காணும் பொங்கல். மாமல்லபுரம் போக ஊரே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் இரண்டு கேசட்டோடு வந்தார். முதலில் சேகர் கடை வாசலில் நின்று, "முப்பத்தொண்ணு. படத்துல எல்லாரும் ஜன்னலையே பாக்குறாங்க. ஜன்னல்ல என்ன இருக்குன்னு கடைசிவரைக்கும் காட்டல" என்றார். அப்புறம் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை. மச்சான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். என் வீட்டுக்காரி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"கதை இல்லை. பாட்டு சகிக்கலை. எருமை மாடிக்கு எப்படிப் போச்சுன்னு விளக்கமும் இல்லை" என்றார் டீச்சர். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "முப்பத்தஞ்சு" என்றார்.

பஸ் ஸ்டாப்பே கத்தியது. வந்து நின்ற மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியிருந்த பாதிப் பேர் இறங்கி என் கடைக்கு ஓடிவந்தார்கள். கண்டக்டரும் வந்தார் என்றால் நம்பமாட்டீர்கள், வந்தார். சேகர் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கோடையிலிருந்து அதே ஏசியில் ஐஸ்கிரீம் விற்றான். மச்சான் தனியாகத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடித்தார். இங்கே கடையில் அத்தனை கைகளும் அந்த ஒரு கேசட்டுக்கு நீண்டுகொண்டிருந்தன. டீச்சரோ அதைக் கையை விட்டு விடவில்லை. என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மார்க்குதான் சொல்லியாச்சு, கேசட்டு இன்னும் ஒரு நாள் எங்கிட்டயே இருக்கட்டும். மறுகூட்டல் பாக்கணும்."

இந்தத் தொழிலில் எனக்கு நானே நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுக்கொள்கிறேன். மீதிப் பத்தை என் வீட்டுக்காரி இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறாள்.