முப்பத்தொன்பது நிமிஷம்

சைக்ளோஸ்டைலில் நகல் எடுக்க டைப் அடிக்கும் ஸ்டென்சிலில் தப்பு விழுந்தால் மேலே பூச ஒரு சிவப்புத் திரவம் இருக்கும். அந்த நெடி மூக்கில் ஏறினால் காலையில் சாப்பிட்ட ரசம் சாதம் தொண்டை வரை வரும்...

பம்பாய் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு ஆபீஸ். சுதந்திரம் வந்த மறு வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. மாட்டுங்காவிலிருந்து லோக்கலில் போய் வரும் டைப்பிஸ்ட். அப்பா அப்போதுதான் ரிடையர் ஆகியிருந்தார். வீடு என் வேலையை நம்பித்தான் ஓடியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

என் ஆபீசர் சேஷாத்ரி சாரிடம் சின்னதாக ஒரு மோட்டார் படகு இருந்தது. அவரைப் போல இன்னும் ஐந்து பேர்... டாக்டர், வக்கீல், ஒரு பார்ஸிக்காரர் என்று. எல்லாரும் பொழுதுபோக்குக்குப் படகு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதியானவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு படகும் சேர்ந்து கோட்பந்தரிலிருந்து உல்லாஸ் நதியில் கல்யாண் வரை உல்லாசமாகப் போய்வருவதென்று திட்டம்.

ஐடியா அவர்களுடையது. வேலை என்னுடையது.

எந்தப் படகில் எத்தனை பேர், யாருக்கு முட்டை ஆகாது, ஸ்டவ் யார் கொண்டுவருவது, டாக்டர் வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால் எங்கே காய்ச்சுவது... பத்து நாள் இதே ஜபம். நானோ அதுவரை எலிபெண்டா போகும் படகில்கூட ஏறியதில்லை.

முக்கியமான சமாசாரம் தண்ணீர். கடல் ஏறும்போது அந்த ஏற்றத்தோடேயே நதியில் மேலே போய்விட வேண்டும். கல்யாணுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீருக்கடியில் ஒரு சேற்று மேடு இருந்தது. தண்ணீர் நிறைந்து நிற்கும் அரை மணிக்குள் அதைத் தாண்டாவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் காலை எட்டு மணிக்குப் புறப்பாடு.

எந்த எட்டு மணி?

சிரிக்காதீர்கள். அன்றைய பம்பாயில் இரண்டு நேரம் உண்டு. ரயிலுக்கும் ஆபீஸுக்கும் ஸ்டாண்டர்ட் டைம். ஊர்க் கடிகாரங்கள் பலவும், பாதி வீடுகளும் பாம்பே டைம். அது முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் ஓடும். எங்கள் வீட்டிலேயே சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், அப்பாவின் கைக்கடிகாரம் வேறு சொல்லும்.

ஆறு பேருக்கும் அனுப்ப வேண்டிய சர்க்குலரின் டிராஃப்டில் எட்டு மணிக்குப் பக்கத்தில் ‘ஸ்டாண்டர்ட் டைம்’ என்று போட்டிருந்தேன். சார் பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தார்.

“இது என்னத்துக்கு?”

“சில பேர் பாம்பே டைம்னு நெனச்சுண்டுடுவா சார்...”

“படகு வெச்சிண்டிருக்கறவாளுக்கு நீ பாடம் எடுக்கறயா? எடுத்துடு.”

எடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு ஸ்டாண்டர்ட் டைம் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தவை மூன்று படகுகள்தான். கால் மணி காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டன. மற்ற மூன்றும் பாம்பே டைம் எட்டு மணிக்குச் சாவகாசமாக வந்து, ஒருவரையும் காணாமல் பின்னாலேயே போயின. மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. மூன்றும் சேற்றில் சொருகிக்கொண்டன. மார்ச் மாத உச்சி வெயில். டாக்டர் வீட்டுக் குழந்தை பாலில்லாமல் கத்தியிருக்கிறது. கடைசியில் மீனவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி, பட்டுப்புடவை மாமிகளை அரிசி மூட்டை மாதிரி முதுகில் சுமந்து கரையேற்றினார்களாம்.

மறுவாரம் சார் வீட்டு ஹாலில் ஆறு பேரும் கூடினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார். துணைக்கு அப்பா வந்தார். சார் பேனாவால் அடித்த டிராஃப்ட் என் கைப்பையில் இருந்தது.

டாக்டர் சர்க்குலரை ஆட்டிக்கொண்டு, “யார் மிஸ்டேக் இது?” என்றார்.

சார் என்னைப் பார்க்காமலே சொன்னார். “நான் கரெக்டாதான் சொன்னேன். டைப்பிஸ்ட் விட்டுட்டா. சின்னப் பொண்ணு... என்ன பண்றது?”

என் கை பைக்குள் போனது. காகிதம் விரலில் தட்டுப்பட்டது. அதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரிடையர் ஆன மனுஷன் பிடி மாதிரியே இல்லை. அப்புறம் கையை விட்டுவிட்டு முன்னால் போய், தன்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவரான சார் முன்னால் கை கூப்பினார்.

“குழந்தை தப்பு பண்ணிடுத்து. மன்னிச்சுக்கணும்.”

“பரவால்லே, உக்காருங்கோ” என்றார் சார், பெருந்தன்மையாக. எனக்கு அவர் வீட்டுக் காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

திரும்பி வரும்போது கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் அப்பா மெதுவாகச் சொன்னார். “நீ பையில என்ன வெச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பிடிச்சேன்.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

அடுத்த வருஷமும் படகுப் பயணம் போனார்கள். சர்க்குலர் டிக்டேட் பண்ணும்போது, “ஸ்டாண்டர்ட் டைம்னு போடு, இந்தத் தடவையாவது மறக்காதே” என்றார் சார். “சரி சார்” என்று டைப் அடித்தேன்.

போன வாரம் கோபர்கைரனேயில் இருக்கும் என் பேரன் ஆபீஸ் பிக்னிக்குக்கு மொபைலில் நேரம் தப்பாகப் போட்டுவிட்டான். பதினெட்டு பேர் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காய்ந்தார்களாம். “ஸாரி” என்று ஒரு மஞ்சள் மூஞ்சியோடு அனுப்பினான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், முடிந்தது விஷயம். தன் தப்புக்குத் தானே மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபமாகிவிட்டது! நானும் சிரித்தேன், கொஞ்சம் பொறாமையோடு.

அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்காகத்தான் கை கூப்பினார், தெரியும். ஆனாலும் சார் மேல் இல்லாத கோபம் அவர் மேல் இன்னும் இருக்கிறது. அவர் பிடித்திருக்காவிட்டால் அந்தக் காகிதத்தை நிஜமாகவே வெளியே எடுத்திருப்பேனா என்று யாராவது கேட்டால்... எடுத்திருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.