ஒன்பது இலக்கமும் ஒரு வீயும்

எங்கள் கணினி வகுப்பின் நேரசூசியை மின்சார சபைதான் போட்டது. கரண்ட் இருந்தால் நெட்வேர்க் பாடம், கரண்ட் போனால் ஹார்ட்வெயார் பாடம். மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடி அது. ஏ.சி. வரப்போகிறது என்று ஜன்னல்களையெல்லாம் பலகையடித்து மூடியிருந்தார்கள். ஏ.சி. கடைசிவரை வரவில்லை. அதனால் கரண்ட் போனதும் பட்டப்பகலில் அறை இருண்டுவிடும். படிப்பிக்கிற சேருக்கு அப்போதுதான் உற்சாகம் பிறக்கும். கணினிப் பெட்டியைக் கழற்றி, கையில் அகப்பட்டதை உருவி, "இது என்ன சொல்லு தங்கச்சி" என்று நீட்டுவார். மதர்போர்ட், ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாவற்றையும் நான் முதலில் தடவித்தான் அறிந்தேன்.

சேர் காத்தான்குடிக்காரர். கட்டாரில் நாலு வருடம் கணினி திருத்திவிட்டு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். என் பக்கத்தில் ஏறாவூர்க்காரி ஒருத்தி. நான் வாய்க்காரி, அவள் கைக்காரி. சொற்களை நான் கடகடவென்று ஒப்பிப்பேன், அவள் பேசாமல் வேலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

எனக்கு வீடு வவுணதீவில். வாவியைத் தாண்ட ஒரு பாலம், பாலத்தில் இராணுவச் செக்பொயின்ட். சண்டைக் காலம் என்பதால் வயரும் பற்றரியும் எங்கள் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆனால் நெட்வேர்க் கேபிளின் நுனியில் எட்டு வயரையும் நிறம் பிசகாமல் அடுக்கிப் பழகாவிட்டால் சோதனையில் கோட்டைதான் விட வேண்டும். ஆகவே நான் தையல் நூல் வாங்கினேன். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இந்த வரிசையை முணுமுணுத்துக்கொண்டே பாலத்தில் நடப்பேன். பையைக் கிளறிய சிப்பாய் நூலைத் தூக்கிப் பார்த்தால், "பூப்பின்ன" என்பேன். வீட்டில் அம்மாவும் நான் பூப்பின்னப் பழகுகிறேன் என்றே வெகுநாள் நம்பியிருந்தார்.

அந்த நாட்களில் எனக்கு அடங்காத கோபம் ஒன்று இருந்தது. அது ஐசி நம்பர் எழுதுவதில். அடையாள அட்டையை நாங்கள் ஐசி என்போம். ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில எழுத்து ஒரு வீயும். பாலத்தில் எழுது, நகருக்குள் எழுது, ஆஸ்பத்திரியில் எழுது. வகுப்பு வாசலிலும் ஒரு கொப்பி, நூலில் கட்டிய பேனையோடு கிடந்தது. திடீரென்று ஆமி சோதனைக்கு வந்தால் உள்ளே இருப்பது யார் யார் என்று காட்ட வேண்டுமே. முதல் நாள் வெயிலில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றுவிட்டு வந்தவள், அந்தக் கொப்பியைக் கண்டதும் எரிச்சலில் வாய்க்கு வந்த இலக்கங்களை எழுதிவிட்டேன். மறுநாள் மாற்றி எழுதினால் பிடிபடுவேன் என்று அதையே பார்த்து எழுதினேன். ஆறு மாதமும் அப்படியே போனது. எவ்வளவு மடத்தனம் என்று இன்று விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை, இனித்தது.

கடைசி மாதத்தில் நகரில் ஒரு கந்தோரின் அலுவலகக் கணினிகளைப் பார்க்க டெக்னீஷியன் ஒருவர் தேவை என்று செய்தி வந்தது. அந்தக் கந்தோர் இன்ஜினியரே வந்து எங்களைச் சோதிப்பாராம், ஒருவரை எடுப்பாராம். நான் வீட்டில் சொன்னேன். தினமும் இரண்டு மணிக்கு நான் திரும்பும்வரை பாலத்தின் எங்கள் பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிறவர் அப்பா. வட்டையில் வயல் வேலை தலைக்குமேல் கிடந்தாலும் வந்து நிற்பார்.

"இந்த வேலை கிடைச்சாப் போ மனே, நான் மறிக்கல்ல. கிடைக்காட்டி இனிப் பாலம் கடக்கிற கதையே வேணாம்" என்றார். மகளை 'மனே' என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எட்டு நூலையும் பக்கத்து வீட்டுக்காரியின் கத்தரியால் வெட்டி எறிந்தேன். பிறகு அவளிடமே வேறு நூல் கேட்டு வாங்கினேன்.

சோதனை நாளில் கரண்ட் இருந்தது. அதுவே நல்ல சகுனம் என்றார் சேர். இன்ஜினியர் கண்ணாடி போட்ட நெடுவல், நகரத்து ஆள், சிரிக்காத முகம். முதலில் கேபிள். என் நுனி முதல் தரமே சரிவந்தது, ஹப்பில் பச்சை விளக்கு மினுங்கியது. ஏறாவூர்க்காரி எனக்கு முன்னமே முடித்துவிட்டிருந்தாள், சுத்தமாகவும் முடித்திருந்தாள். பிறகு சேர்வரில் ஆளுக்கொரு கணக்குத் திறந்து, ஒரு பைலைப் போட்டு, பாஸ்வேர்டால் பூட்டச் சொன்னார் இன்ஜினியர்.

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. எழுதியும் வைக்காதீங்க. நான் திறந்து பார்ப்பன். பூட்டுத் திறந்தா அவ்வளவுதான்."

பெரிய எழுத்து, இலக்கம் எல்லாம் கலந்து நீளமாக இருக்க வேண்டும், மறக்கவும் கூடாது என்று சேர் ஆறு மாதமாகப் படிப்பித்திருந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு கள்ளச் சிரிப்போடு தட்டினோம்.

இன்ஜினியர் எழுந்து வாசலுக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் வாசல் கொப்பி.

கொப்பியைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். முதல் கணக்குத் திறந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் திறந்தன. நாலாவது ஏறாவூர்க்காரியுடையது, அதுவும் திறந்தது. அவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த ஊரில நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் மறக்காத நம்பர் ஒண்டுதானே இருக்கு" என்றார் இன்ஜினியர். "அதத்தான் எல்லாரும் போடுவீங்கண்டு தெரியும்."

ஐந்தாவது என்னுடையது. தட்டினார். திறக்கவில்லை. வீயைச் சின்ன எழுத்தில் தட்டினார். திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். அப்போதும் இல்லை.

"கெட்டிக்காரி" என்றார். "நீங்க ஒராள்தான் யோசிச்சிருக்கீங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வேலை கைக்குள் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஏறாவூர்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சுத்தமாகக் கேபிள் அடித்தவள் அவள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நானும் ஐசி நம்பர்தான் சேர் போட்டன். கொப்பியிலதான் பொய்" என்றேன்.

முதலில் அலறியது எங்கள் சேர். "அல்லாஹ்வே! ஆமி வந்து பார்த்திருந்தா என்ட கதி என்ன தங்கச்சி?" ஏறாவூர்க்காரி அழுதபடியே சிரித்தாள். இன்ஜினியருக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அன்றுதான் கண்டோம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பூட்டுத் திறக்கல்ல. அதுதான் சோதனை" என்றார் கடைசியில். "கேபிளுக்கு மற்றத் தங்கச்சியையும் கூப்பிடத்தான் வேணும், கந்தோர்ல கேட்டுச் சொல்றன். நீங்க நாளைக்கே வாங்க. முதல் வேலை, எங்கட ஆக்கள்ற பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மாத்துறது. என்டதில இருந்து துவங்குங்க." அவருடையது என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. போகுமுன் அவரே என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், கொப்பியில் சரியான நம்பரை எழுதவைத்தார்.

பாலத்தைக் கிட்டத்தட்ட ஓடிக் கடந்தேன். அப்பா சைக்கிளோடு நின்றார்.

"கிடைச்சிட்டு அப்பா!"

அவர் முகம் மலரவில்லை. சைக்கிள் மணியை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றார். நான் தோற்க வேண்டும் என்று அவர் உள்ளுக்குள் வேண்டியிருக்கிறார் என்று அப்போது விளங்கியது. கோபம் வரவில்லை. ஆறு மாதமும் அந்த வெயிலில் அவர் எதை நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைக்க அழுகைதான் வந்தது.

"மறுகா, வேலை எத்தின மணிக்கு முடியும்?" என்றார்.

"அஞ்சு மணிக்கு."

"அப்ப அஞ்சு மணிக்கு வாறன்."

மறுநாள் ஐந்து மணிக்குப் பாலம் கடந்து வந்தேன். அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டிப்போய், முகம் கறுத்திருந்தது. எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு மணிக்கு என்றார்.

"நேரம் மாறினது தெரியும்தானே அப்பா?"

"தெரியும் மனே" என்று சைக்கிளைத் திருப்பினார். "வீட்டில இருக்க ஏலாமக் கிடந்தது."