மூன்றாவது வளைவில் ஏறியவள்

இது நடந்தது. பூமிகா இதைச் சொல்லும்போது யாரையும் நம்பவைக்கப் பார்ப்பதில்லை. சிரித்தால் எழுந்து போய்விடுவாள். கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தன மணிக்கு?" என்பதுதான். ராத்திரியே இல்லை. உச்சி வெயில். தார் இளகிச் செருப்பில் ஒட்டும் சித்திரை மாதப் பகல்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பூமிகாவுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. நாய் துரத்தினால் கல்லெடுப்பாள்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை போகும் வழியில், சுப்பராயன் என்பவர் கார் ஓட்டிப் பழகும் களம் ஒன்று வைத்திருந்தார். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம். இப்போது வளைந்து வளைந்து ஒரு தார்ப்பாதை, மூன்று பெரிய வளைவுகள், ஓரமெல்லாம் பழைய டயர் அடுக்கு. சென்னையிலிருந்து வசதியானவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். ஸ்போர்ட்ஸ் காரை வளைவில் எவ்வளவு வேகம் வரை பத்திரமாகத் திருப்பலாம், எங்கே அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொடுப்பவள் பூமிகா. முன்பு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள்.

அந்த வாரம் சுப்பராயன் ஒரு சிவப்புக் கார் வாங்கி வந்தார். இரண்டே சீட். விபத்தில் அடிபட்டு, இன்ஷூரன்ஸ் ஏலத்துக்கு வந்த வண்டி. மெக்கானிக் எபினேசர் அதைப் புதுசு போலத் தேற்றி வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம பெரிய ஆளுங்க வராங்க. அதுக்குள்ள ஒவ்வொரு வளைவுலயும் இது எவ்ளோ ஸ்பீடு தாங்கும்னு பாத்து வெச்சிடு" என்றார் சுப்பராயன்.

அதற்கு ஒரு முறை உண்டு. வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்துக்கொள்ள வேண்டும். கண் வளைவின் கடைசியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்ற வேண்டும். டயர் முனகும் வரை போகலாம். கத்த ஆரம்பித்தால் அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

முதல் வளைவு எண்பது தாங்கியது. இரண்டாவது எழுபத்தைந்து. கார் பிடித்த பிடி விடாமல் போயிற்று. பூமிகாவுக்கே சந்தோஷம்.

மூன்றாவது, இடது பக்கம் திரும்பும் நீண்ட வளைவு. அறுபதில் உள்ளே நுழைந்தாள்.

டிங்… டிங்… டிங்…

இடது சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது. திரும்பிப் பார்த்தாள். சீட்டில் யாரும் இல்லை. ஒரு பையோ தண்ணீர் பாட்டிலோகூட இல்லை. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்ததும் மணி தானாக நின்றது.

அடுத்த சுற்று. முதல் வளைவு, சத்தம் இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது…

டிங்… டிங்… டிங்…

வண்டியைக் கொட்டகை முன்னால் நிறுத்தினாள். "எபினேசர் அண்ணா! பெல்ட் மணி சும்மாவே அடிச்சிகினு கீது. இன்னா வேல பாத்து வெச்சிருக்கீங்க?"

"ஒயர் லூசா இருக்கும். இரு, கழட்டியே உட்டுடறேன். அப்பால எப்டி அடிக்கும்?"

எபினேசர் இடது சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினார். அவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க, பூமிகா மறுபடி ஓட்டினாள். மூன்றாவது வளைவு. அறுபத்தைந்து.

டிங்… டிங்…

பூமிகாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ச்சீ!" என்று டாஷ்போர்டில் ஒரு அடி போட்டாள்.

டக்.

பெல்ட் மாட்டும் சத்தம். மணி நின்றுவிட்டது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். இடது பக்க பெல்ட் இழுபட்டுப் பூட்டியிருந்தது. காலி சீட்டில் தட்டையாகப் படிந்திருக்கவில்லை. நடுவில் உப்பிக்கொண்டு, வளைந்து… ஒரு ஆள்மேல் கிடப்பதுபோல் இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் அங்கேயே இறங்கி ஓடியிருப்பார்கள். பூமிகா காலை அழுத்தினாள். "யாரு நீ? இன்னா வேணும் உனக்கு?" என்று கத்திக்கொண்டே இன்னொரு சுற்று. மூன்றாவது வளைவில் எழுபது. டயர் கத்த ஆரம்பித்தது.

கார் இடது பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் வலது பக்கம் சாய்வார்கள்.

அவள் இடது தோளில் ஒரு கனம் சாய்ந்தது.

வியர்வை ஈரம். தேங்காய் எண்ணெய் வாசனை.

காதுக்கு அருகில் ஒரு பெண் குரல்.

"சார்… இறக்கி உட்ருங்க சார்…"

கார் பாதையை விட்டு மண்ணில் இறங்கி, புழுதி பறக்க நின்றது.

எபினேசர் ஓடி வந்தார். அவர் உள்ளங்கையில் பிடுங்கிய ஒயர் அப்படியே இருந்தது. பெல்ட் சுருண்டு பழைய இடத்துக்குப் போயிருந்தது. பின்னாலேயே சுப்பராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பூமிகா நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பொம்பளைங்களுக்கு ஸ்பீடுன்னா ஒதறும்மா. அத்த பேய்னு சொல்ற. பேஜாரு பண்ணாத. முடியலன்னா சொல்லு, வேற ஆளு பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "அப்டியா சார்? ஏறுங்க. இந்தப் பக்கம் ஏறுங்க. நீங்களே பாருங்க."

எபினேசர் பக்கத்தில் நிற்கும்போது முதலாளியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏறினார். பெல்ட் போட்டார். கார் கிளம்பியது.

முதல் வளைவு. "பாத்தியா? ஒண்ணுமில்ல" என்றார்.

இரண்டாவது. போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது. அறுபது. அறுபத்தைந்து.

போன் அவர் கையிலிருந்து விழுந்தது.

பூமிகா திரும்பினாள். சுப்பராயனின் இரண்டு கைகளும் மேலே உயர்ந்திருந்தன. எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல். அவர் வேட்டி தொடையோடு அழுந்தியிருந்தது. சட்டை நெஞ்சோடு ஒட்டி நசுங்கியிருந்தது.

"மடில…" என்றார். மூச்சு வரவில்லை. "மடில… உக்காந்துகினு…"

"யாரு சார்?"

"அழுவுது… நிறுத்து… நிறுத்தும்மா…"

நிறுத்தினாள். கதவைத் திறந்து தரையில் விழுந்தார். வாந்தி எடுத்தார். எபினேசர் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார்.

பூமிகா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "இந்த வண்டில செத்தது யாரு? உண்மைய சொல்லுங்க."

"வண்டில யாரும் சாவலம்மா. தொழிற்பேட்ட ரோட்டு வளைவுல, ஒரு கம்பெனிப் பொண்ணு நடந்து போயிகினு இருந்தாளாம். குறுக்க வந்துட்டாளாம். அவ மேல மோதி, அப்பால புளிய மரத்துல மோதிச்சாம். பெரிய கம்பெனி முதலாளி புள்ள ஓட்டினது. கேஸ் திருவள்ளூர் கோர்ட்ல நடக்குது."

"நடந்து போனவ எதுக்கு சார் சீட்ல உக்காரணும்? எதுக்கு பெல்ட் போடணும்?"

சுப்பராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வேட்டியை உதறினார். "நா எதுவும் பாக்கல. நீயும் பாக்கல. பெரிய எடத்து விஷயம்."

பூமிகா சாவியை அவர் காலடியில் வீசினாள். மெயின் ரோட்டுக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வந்தது பயம் இல்லை, கோபம்தான் என்று இன்றைக்கும் சொல்வாள்.

அடுத்த வாய்தா அன்று திருவள்ளூர் போனாள். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் செத்த பெண்ணின் அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கங்கம்மா என்று பெயர். மடியில் மகளின் போட்டோ. பெண்ணின் பெயர் மோனிகா.

"எம் பொண்ணு ரோட்ல நடக்கலம்மா" என்றாள் கங்கம்மா, கேட்கும் முன்பே. எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "கம்பெனி பஸ்ஸ உட்டுட்டா. ஊட்டாண்ட எறக்கி உடறேன்னு அந்த பையன்தான் ஏத்திகினு போனான். எனக்கு போன் பண்ணா. 'யம்மா, ரொம்ப ஸ்பீடா போறாரு, எனக்கு பயமா கீது'ன்னா. அப்பால ஒரு சத்தம்… கட்டாயிடுச்சி. பொணத்த ரோட்ல இழுத்துப் போட்டுட்டு, அவதான் குறுக்க வந்துட்டாள்னு எழுதிட்டாங்க. வண்டில அவ இருக்கவே இல்லன்னு சத்தியம் பண்றான்."

பூமிகா எல்லாவற்றையும் சொன்னாள். மணி. பெல்ட். தோளில் சாய்ந்த கனம். குரல். கங்கம்மா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கியும் பயந்துகினுதான் கீறாளா?"

பூமிகா விருட்டென்று எழுந்தாள்.

அரசு வக்கீலிடம் போய் நின்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத கோர்ட்ல சொன்னா என்னையும் சேத்து சிரிப்பாங்கம்மா. ஆத்தாளுக்கு போன் வந்துச்சி. ஆனா பொண்ணு எங்கிருந்து பேசினாள்னு அது சொல்லல." அவ்வளவுதான். வாய்தா தள்ளிப் போயிற்று.

ஆத்திரத்தோடு வெளியே வந்தபோது கங்கம்மா அவள் கையைப் பிடித்தாள். "அதோ… அவன்தான்."

முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. புத்தம்புது வெள்ளைக் கார். வக்கீல்களோடு பேசிக்கொண்டே உள்ளே போனான். அவனை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பூமிகா விடுவிடுவென்று நடந்தாள். காரைத் தாண்டும்போது கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

வெறும் தகரம். நான்கு போல்ட் துளைகள்.

வண்டிக்குக் காவலாக நின்ற அவனுடைய ஆளிடம், "அந்த சீட்டு எங்க?" என்று கேட்டாள்.

அந்த ஆள் கோர்ட் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வண்டி எடுத்த அன்னிக்கே சார் பாதி வழியில நிறுத்திட்டாரு அக்கா. ஸ்பேனர எடுத்து அவரே கழட்டி, ரோட்டோரமா வீசிட்டாரு. அந்த ஆக்சிடன்ட்டுக்கு அப்பால அவருக்கு இது மூணாவது காரு. மூணுலயும் அந்த சீட்டு கெடையாது."