செங்கம்மாளின் மாற்று ஆள்

கோவளத்தில் கடலாமைகளைக் காக்கும் சர்வதேச நிறுவனத்தின் கிளை அலுவலகத்தை, செங்கம்மாள் பதினோரு ஆண்டு நான்கு மாதமாகப் பெருக்கித் துடைத்து வருகிறார். தம்பி மகளின் காதுகுத்துக்காக, சென்ற மே மாதம் மூன்று நாள் விடுப்பு கேட்டார். மாற்று ஆளின் பெயர் இல்லாமல் தலைமையகம் விடுப்பு தராது. ஒருவர் ஒருவருக்குத்தான் மாற்றாக இருக்கலாம். மற்றவர்களெல்லாம் ஏற்கெனவே யாருக்காவது மாற்றாகிவிட்டதால், கிளை இயக்குநர் ஜான்சன் மட்டுமே மீதமிருந்தார்.

“அவுரு பேரையே எழுது அண்ணாத்த. அவுருக்கும் ரெண்டு கை கீதுல்ல?” என்றார், எழுத்தரான என்னிடம்.

எழுதினேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் அனுமதி வந்தது. மூன்று நாளும் காலை எட்டேகாலுக்கு ஜான்சன் துடைப்பம் எடுத்தார்.

திரும்பிய செங்கம்மாளுக்கு, மாற்று ஆளை மதிப்பிடும் படிவம் வந்தது. அவர் அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“மூலையெல்லாம் மணலு. ஒரு மாசம் பழக்கினா தேறிடுவாருன்னு எழுது.”

ஒரு மாதப் பயிற்சிக்குத் தலைமையகம் உடனே ஒப்புதல் அளித்தது. பயிற்சியாளர், செங்கம்மாள்.